கொக்கு கொடுத்த தடையில்லாச் சான்று

தேன்சிட்டு மாமா தம் வாழ்நாளில் ஒரு தேன்சிட்டைக்கூட நின்று பார்த்ததில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பேருந்து நடத்துநராக இருபத்தொன்பது வருடம் ஓடியவருக்கு நிற்க நேரம் ஏது? கருங்கல்மேடு ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் நொச்சிக்குளம் என்று ஒரு நிறுத்தம் உண்டு. நாளைக்கு எட்டு நடை. எட்டு நடையிலும் "கொளத்து ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க" என்று கத்தியிருக்கிறார். தாம் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. ஆனால் அதே பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, கிடைத்த தாளில் எல்லாம் எழுதி எழுதியே நாற்பத்து மூன்று புத்தகம் போட்டுவிட்டார். எல்லாம் குழந்தைகளுக்கு. எல்லாம் இயற்கையைக் காப்பது பற்றி.

சொந்தப் பெயர் நாச்சிமுத்து. அந்தப் பெயரைப் பார்த்தால் எந்தக் குழந்தை புத்தகத்தைத் தொடும் என்று பதிப்பாளர் கேட்டதால் தேன்சிட்டு மாமா ஆனார். அவர் கதைகளில் மரம் அழும், ஆறு மனு கொடுக்கும், கடைசியில் விலங்குகள் எல்லாம் கூடிக் கூட்டம் போடும். முயல் வரவேற்புரை, யானை தலைமையுரை, ஆமை நன்றியுரை. கூட்டம் முடிந்ததும் மனிதர்கள் திருந்திவிடுவார்கள். "ஆமை பேச எந்திரிக்கறதுக்குள்ள கொழந்தைக தூங்கிப்போயிருமுங்" என்பது அவர் மனைவி சம்பூர்ணத்தின் கருத்து. நாற்பத்து மூன்று புத்தகத்துக்கும் சேர்த்து அவள் சொன்ன விமர்சனம் அது ஒன்றுதான்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் பேசுபெட்டி வந்து மண்ணைப் போட்டது.

டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி. பறவையோ விலங்கோ குரல் கொடுத்தால் அது தமிழில் சொல்லும். நாம் தமிழில் பேசினால் அவற்றின் குரலில் சொல்லும். முதல் ஆறு மாதம் நாடே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது. பூனைகள் நம்மைப் பற்றி என்ன நினைக்கின்றன என்று தெரியவந்ததில் பல வீடுகளில் மனக்கசப்பு. ஏழாம் மாதம் நரிகள் கோர்ட்டுக்குப் போயின. தலைமுறை தலைமுறையாகத் தங்களைத் தந்திரக்காரர்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வந்ததற்காக மானநஷ்ட வழக்கு. நரிகளே ஜெயித்தன. தந்திரமாக வாதாடி ஜெயித்தன என்று யாரும் எழுதக் கூடாது என்பதும் தீர்ப்பிலேயே இருந்தது.

அதிலிருந்து புதுச் சட்டம். குழந்தைகள் புத்தகத்தில் ஏதாவது ஓர் உயிரினம் வாய் திறந்து பேசினால், அந்த இனத்தில் ஒருவருக்கு முழுக் கதையையும் வாசித்துக் காட்டித் தடையில்லாச் சான்று வாங்கியாக வேண்டும். பாதி எழுத்தாளர்கள் டைனோசருக்குத் தாவினார்கள். கையெழுத்துக் கேட்க அங்கே ஆள் இல்லை. மீதிப் பேர் பேசும் பென்சில், பேசும் பலூன் என்று ஒதுங்கினார்கள்.

நாச்சிமுத்துவால் அப்படி ஒதுங்க முடியவில்லை. அவருடைய நாற்பத்து நான்காவது கதையான "அல்லியும் கொக்கும்" நாலாம் வகுப்புத் துணைப்பாட நூலாகத் தேர்வாகியிருந்தது. தமிழ்நாட்டில் நாலாம் வகுப்புப் படிக்கிற அத்தனை பிள்ளைகள் கையிலும் அவர் புத்தகம்! அறுபத்தொரு வயதில் இப்படி ஒன்று இன்னொரு தடவை வராது என்று அவருக்குத் தெரியும். குறுக்கே நின்றது ஒரு கொக்கின் கையெழுத்து மட்டுமே.

உயிரின ஒப்புதல் அலுவலர் ரிஸ்வானா ஒரு திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் பெட்டி, தோளில் பை, பை நிறையப் படிவங்கள்.

"கதையில யார் யார் சார் பேசறாங்க?"

"கொக்கு ஒண்ணுதானுங் மேடம். சட்டம் வந்ததும் மத்த எல்லாத்தையும் ஊமையாக்கிப் போட்டேன்."

"ஆமை?"

"நன்றியுரைய எடுத்துப்போட்டனுங்."

சமையலறையிலிருந்து சம்பூர்ணம், "அந்தச் சட்டம் போட்டவிய நல்லா இருக்கோணும்" என்றாள்.

ரிஸ்வானா சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தைப் பார்த்தாள். "எந்தக் கொளத்துக் கொக்கு சார்?"

"நொச்சிக்கொளம்னு எழுதியிருக்கறனுங்." எழுதியதற்குக் காரணம், வேறு குளத்தின் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"அப்ப அந்தக் கொளத்துல இருக்கற கொக்குதான் கேட்டுக் கையெழுத்துப் போடணும். கிளம்புங்க."

இப்படியாக நாச்சிமுத்து தம் வாழ்க்கையில் முதல் முறையாக நொச்சிக்குளம் நிறுத்தத்தில் இறங்கினார்.

கதையின் முடிவில் குளத்துத் தண்ணீர் பளிங்காக இருந்தது. நேரில் தண்ணீரையே தேட வேண்டியிருந்தது. மேற்குப் பாதியில் இடித்த வீடுகளின் செங்கலும் உடைந்த பீங்கானும் மலையாகக் கிடந்தன. கிழக்குப் பாதி முழுக்க ஆகாயத்தாமரை. நடுவில் நாற்பது கருவேல மரங்கள், கரையில் கோழிக்கடை மூட்டைகள், மூட்டைக்குப் பக்கத்தில் நகராட்சியின் பலகை: "வாகன நிறுத்துமிடம் அமையவுள்ள இடம்." பலகைக்குக் கீழே சேற்று நிறத்தில் ஒரு மடையான் கொக்கு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது.

"இது வெள்ளையாவே இல்லீங்களே மேடம்?"

"பறந்தாத்தான் வெள்ளை தெரியும் சார். பக்கத்துல போங்க."

அவர் ஓரடி வைத்ததும் கொக்கு கரகரத்தது. பெட்டி கணீரென்று பேசியது: "பொருள்: அமைதிக்குக் குந்தகம் விளைவித்தல் தொடர்பாக. தாங்கள் மிதித்த இடத்தில் ஒரு தவளை இருந்தது. தற்போது இல்லை. உரிய விளக்கம் கோரப்படுகிறது."

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். "ஏனுங் மேடம், இந்தக் கொக்கு கலெக்டர் ஆபீஸ்ல வேலை பாத்துதுங்களா?"

"பெட்டிக்குத் தமிழ் சொல்லிக்குடுக்க எதையாச்சும் படிக்கக் குடுக்கணுமில்ல சார்? மலை மலையா இருந்தது அரசாணைங்கதான். நாப்பது வருஷத்து அரசாணை. அதனால யார் பேசினாலும் இப்படித்தான் வரும். நேத்து ஒரு குயில் அதோட ஜோடியைக் கூப்பிட்டுச்சு. ‘மூன்றாம் நினைவூட்டு’ன்னு மொழிபெயர்த்துச்சு."

தவளைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் வாசிக்கத் தொடங்கினார். அல்லிக்கு எட்டு வயது. நொச்சிக்குளம் சீரழிந்து கிடப்பதைப் பார்த்துக் கொக்கு அவளிடம் அழுகிறது. அவள் தன்னையும் சேர்த்து இருநூறு பிள்ளைகளைத் திரட்டுகிறாள். ஒரே காலையில் ஆகாயத்தாமரை முழுவதையும் பிடுங்கி எறிகிறார்கள். ஒரே காலையில்தான், ஏனென்றால் நாலாம் வகுப்புக்குப் பக்க அளவு அவ்வளவுதான். மழை பெய்து குளம் நிறைகிறது, கெண்டைகள் துள்ளுகின்றன, பறவைகள் கூடு கட்டுகின்றன. குப்பையோடு யார் வந்தாலும் அல்லி விசில் ஊதுவாள். கூட்டின்மேல் ஒரு கல் விழ விடமாட்டாள். கடைசிக் குஞ்சு பறக்கும் வரைக்கும் அவள் குளத்தை விட்டு நகரவில்லை.

கொக்கு ஒரு மணி நேரம் அசையாமல் நின்று கேட்டது. நாற்பத்து மூன்று புத்தகத்துக்கும் சேர்த்து யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொள்வார்கள்.

"எதிர்ப்பு ஏதுமில்லை," என்றது பெட்டி. "ஒரே ஒரு விவரம் மட்டும் தேவைப்படுகிறது. அல்லி எப்போது வருவாள்?"

குழந்தைகளுக்குக் கதை சொல்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது. எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரு பொடிசு எழுந்து, "மாமா, அந்தப் பொண்ணு நெசமா இருக்குதா? எங்க ஸ்கூலுக்கு வருமா?" என்று கேட்கும். இல்லை என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? வருவாள் கண்ணு, சமத்தாக இருந்தால் வருவாள் என்று இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

"ஐப்பசி மழை விழுகட்டும் கண்ணு. வந்துருவா" என்றார்.

கொக்கு மை அட்டையில் கால் வைத்துப் படிவத்தில் பதித்தது. "நன்று. ஆவன செய்யப்படும்" என்றது பெட்டி. கொக்கு என்ன ஆவன செய்யப்போகிறது என்று அவர் யோசிக்கவே இல்லை. காலடிச் சுவடு பதிந்த தாளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

புத்தகம் அச்சானது. வெளியீட்டு விழாவுக்கு நகராட்சி ஆணையர் சிவஞானம் தலைமை தாங்கி, நீர்நிலைகளைக் காப்பது பற்றி நாற்பது நிமிடம் உருகினார். அவருக்கு இரண்டு சால்வை, நாச்சிமுத்துவுக்கு நான்கு. விழா முடிந்த மறுநாள் ஆணையரின் லாரிகள் வழக்கம்போல் குளத்தின் மேற்குப் பாதிக்கு மண் கொண்டுபோயின. அதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. ஊருக்கும் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால், நாச்சிமுத்துவுக்கும் தெரியவில்லை.

ஐப்பசி மழை விழுந்தது. முதலில் நத்தைகுத்தி நாரைகள் வந்தன. அடுத்த நாள் மஞ்சமூக்கு நாரைகள். அதற்கடுத்த வாரம் கூழைக்கடாக்கள், ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அகலத்துக்குச் சிறகை விரித்துக்கொண்டு. எத்தனையோ வருடமாகக் காக்கையைத் தவிர எதுவும் உட்காராத கருவேல மரங்களில் இலை தெரியவில்லை. ஊரே குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. டீக்கடையில் நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்தி, "எல்லாம் என்ற கதையப் படிச்சுப்போட்டு வந்ததுகதான்" என்று ஜோக் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ரிஸ்வானா வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சார், நீங்க ஜோக் அடிச்சீங்களாம். அது ஜோக் இல்ல. நெஜமாவே உங்க கதையைக் கேட்டுத்தான் அதுங்க வந்திருக்கு."

"என்னுங் மேடம் சொல்றீங்க?"

"அந்தக் கொக்கு வரி விடாம எல்லாக் கொளத்துக்கும் சேதி சொல்லிவிட்டிருக்கு. ஆந்திராவுல இருந்துகூட வந்திருக்குதுங்க, மொத்தம் மூவாயிரம்."

"அது கதைன்னு சொல்லலீங்களா?"

"கதைங்கறதுக்கு அதுங்ககிட்ட வார்த்தையே இல்ல சார். பெட்டி முழுக்கத் தேடிட்டேன். பறவைங்க பேச்சுல ரெண்டே வகைதான். ஒண்ணு, சேதி. இன்னொண்ணு, பொய்க்குரல். பருந்து வராமலே பருந்து வருதுன்னு கத்தி, மத்தவங்க பயந்து போட்டுட்டு ஓடற மீனைத் தின்னுட்டுப் போறதுதான் பொய்க்குரல். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் கெடையாது. நீங்க ஆபீசர் முன்னாடி உக்காந்து வாசிச்சீங்க. அதுங்களுக்கு அது சேதி. நொச்சிக்கொளத்துல தண்ணி இருக்கு, மீன் இருக்கு, அல்லின்னு ஒருத்தி ராப்பகலா காவல் இருக்கா, குடும்பத்தோட வாங்க."

சம்பூர்ணம் கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"மூவாயிரம் ஒறம்பரைய வரச்சொல்லிப்போட்டு, ஊட்ல அடுப்பே பத்தவெக்கலியாக்கும்" என்றாள்.

கொக்கு கொடுத்த புகாரின்மேல் மறுநாள் காலை ஏழு மணிக்குக் குளத்தங்கரையில் விசாரணை என்று நோட்டீஸைக் கொடுத்துவிட்டு ரிஸ்வானா போய்விட்டாள். அன்று மாலை பதிப்பாளர் தொலைபேசியில் வந்தார்.

"ஒண்ணும் கவலப்படாதீங்க. அவங்க நீட்டற எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்துருங்க. இனிமே நம்ம புத்தகம் எதுலயும் கொளம் பொழைக்கவே கூடாது. வத்திப்போச்சு, மரம் செத்துப்போச்சு, அம்புட்டுத்தான் கதை. எவனும் கேஸ் போட முடியாது. எல்லா எழுத்தாளருக்கும் சொல்லிட்டேன்."

"கொழந்தைக படிக்குமுங்களே?"

"படிக்கட்டுமே."

அப்படி ஒரு புத்தகத்தை ஒரு பிள்ளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர் நினைத்துப் பார்த்தார். தொலைபேசியை வைத்துவிட்டார்.

காலையில் குளத்தங்கரையில் காது அடைத்தது. மூவாயிரம் பறவைகளும் ஒரே நேரத்தில் பேசின. கரை முழுக்க எச்சத்தின் வீச்சம். மண் லாரி இரண்டு ஓரமாக நின்றன. ஆணையர் சிவஞானம் மூக்கில் கைக்குட்டையோடு காத்திருந்தார். சம்பூர்ணம் தூக்குப்போசியில் இட்லி எடுத்துக்கொண்டு கூடவே வந்திருந்தாள். புருஷன் ஜெயிலுக்குப் போனாலும் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்பது அவள் எண்ணம்.

கொக்கு ஆகாயத்தாமரை மேல் நடந்து முன்னால் வந்து நின்றது. அதன் கழுத்து நீண்டு, குரல் கடுமையாக இருந்தது.

"பக்கம் ஒன்பதில் ஆகாயத்தாமரை அகற்றப்பட்டதாகக் காணப்படுகிறது. அகற்றப்படவில்லை. பக்கம் பதினொன்றில் கெண்டைகள் துள்ளின. துள்ளவில்லை. பக்கம் பதினான்கில் கூட்டின்மேல் ஒரு கல்லும் விழவில்லை. நேற்று மட்டும் ஒன்பது கற்கள் விழுந்தன. உடைந்த முட்டைகள் நான்கு. மேற்படி அல்லி இதுநாள் வரை பணிக்கு வரவில்லை. என் சொல்லை நம்பி வந்தோர் என்னைப் பொய்க்குரல் என்று ஏசுகின்றனர். காரணம் கோரப்படுகிறது."

நாச்சிமுத்துவுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. ஒரே காலையில் பிடுங்கி எறிந்தார்கள் என்று எழுத அவருக்கு அரை நிமிடம் ஆகியிருந்தது. எழுதும்போது ஒரு செடியையாவது பிடுங்கிப் பார்த்திருக்கலாம்.

"கொக்குத் தலையில வெண்ணெய வெச்ச கதையா இதென்னய்யா இழுத்துக்கிட்டு" என்று ஆணையர் முணுமுணுத்தார். பெட்டி அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தது.

"வெண்ணெய் எதுவும் வரப்பெறவில்லை" என்றது கொக்கு.

ரிஸ்வானா அவரைத் தனியாக அழைத்துப்போய் ஒரு படிவத்தை நீட்டினாள். "படிவம் ஒம்பது சார். நீங்க சொன்னது பொய்க்குரல்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா, பெட்டி அதை ஒலிபெருக்கியில சொல்லிடும். அரை மணி நேரத்துல எல்லாம் கிளம்பிடும். வழக்கு முடிஞ்சுது. புத்தகத்துக்கும் ஒண்ணும் ஆகாது. மனுஷங்களுக்கு அது கதைதானே? வர்ற வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போயிடும்."

"போடலீன்னா?"

"அல்லி வந்து நிக்கற வரைக்கும் உங்க சான்று செல்லாது. புத்தகம் கிடங்கை விட்டு நகராது."

"போட்டா, இந்த முட்டைகளெல்லாம்?"

அவள் மரங்களைப் பார்த்தாள். "முட்டைக்கு இறக்கை இல்லையே சார்."

ஆணையர் பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார். பறவைகள் போனால் அன்றைக்கே லாரியை உள்ளே விடலாம் என்ற அவசரம் அவருக்கு. நாச்சிமுத்து பேனாவை வாங்கினார். வாங்கினார் என்பதை மறைப்பதில் பயனில்லை. தமிழ்நாட்டில் நாலாம் வகுப்புப் படிக்கிற அத்தனை பிள்ளைகளும் அவர் கண்ணில் வந்து போனார்கள். படிவத்தைத் தொடையில் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார்.

அப்போது எதிரே கருவேல மரத்தில் ஒரு மஞ்சமூக்கு நாரை கூட்டில் எழுந்து நின்றது. வெயில் ஏறியிருந்தது. அது சிறகை அகல விரித்து முட்டைகளுக்கு நிழல் காட்டியது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டே, அந்த இடத்தை விட்டு அசையாமல் நின்றது.

நாச்சிமுத்து பெரிய யோக்கியர் என்று சொல்ல முடியாது. உட்கார இடமில்லை என்று தெரிந்தும் "உள்ளார காலியா இருக்குது" என்று ஆயிரம் பேரை ஏற்றியிருக்கிறார். ஆனால் படியில் ஒரு ஆள் கால் வைத்துக்கொண்டிருக்கும்போது வண்டியை எடுக்கச் சொல்லி இருபத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட விசில் கொடுத்ததில்லை. டிரைவர் திட்டுவார், நேரக்காப்பாளர் திட்டுவார். கொடுத்ததில்லை.

அவர் பேனாவை மூடாமலே ஆணையரிடம் திருப்பிக் கொடுத்தார். மை ஆணையர் சட்டையில் பட்டது.

"அம்மிணி, பெட்டியக் கொண்டா" என்றார் ரிஸ்வானாவிடம். மேடம் எப்போது அம்மிணி ஆனாள் என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "கொக்கு கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லுல."

வேட்டியை மடித்துத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். செருப்பைக் கழற்றினார். கரையிலிருந்து இறங்கியதும் முழங்கால் வரை சேறு. அடுத்த அடியில் தொடை. நாலாவது அடியில் தொப்பை தண்ணீரில் பட்டு, ஐயோ என்று ஒரு சத்தம் அவரையறியாமல் வந்தது.

"யோவ், வயசான காலத்துல எங்கய்யா போற?" என்றார் ஆணையர்.

நாச்சிமுத்து திரும்பவில்லை. கொக்கின் எதிரே போய் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "நான்தானுங் அல்லி" என்றார்.

ரிஸ்வானா தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவந்தாள். "சார்! பெட்டியில பதிவாகுது. அப்புறம் மாத்த முடியாது. குஞ்சு பொரிச்சுப் பறக்க மூணு மாசம் ஆகும்."

"தெரியுமம்மிணி. கடேசிக் குஞ்சு பறக்கற வரைக்கும் அவ அங்கிருந்து நகரலீன்னு எழுதுனதே நான்தான்."

கொக்கு தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. பிறகு மறுபக்கம் சாய்த்து இன்னொரு கண்ணால் பார்த்தது. வழுக்கைத் தலை, நரைத்த மீசை, மூக்கு நுனியில் வழுக்கி நிற்கும் கண்ணாடி.

"அல்லிக்கு வயது எட்டு எனப் பதிவில் உள்ளது" என்றது பெட்டி.

"அது எழுதறப்பங். அச்சாகி வர்றதுக்குள்ள நாளாகிப்போச்சு."

கொக்கு யோசித்தது. ஒரு மீன் அதன் காலடியில் ஓடியது. அதைக்கூட அது பார்க்கவில்லை.

"வளர்ந்திருக்கிறீர்கள் எனக் குறித்துக்கொள்ளப்பட்டது."

நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை யாரும் பார்க்காதிருக்கக் குனிந்து, கைக்கு எட்டிய ஆகாயத்தாமரையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஒரு முழ வேரோடு அது திடீரென்று பிய்த்துக்கொண்டு வர, அவர் மல்லாக்கத் தண்ணீரில் விழுந்தார். கரையில் லாரி டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுந்து, தலையில் ஒரு இலையோடு, பிடுங்கிய செடியைக் கரைக்கு எறிந்தார். குளத்தில் அந்த மாதிரி இன்னும் ஒரு லட்சம் இருக்கும்.

கொக்கு மறுபடியும் குரல் கொடுத்தது.

"கதையின்படி மொத்தம் இருநூறு பேர். மீதமுள்ள நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் குறித்த விவரம் இணைக்கப்படவில்லை."

நாச்சிமுத்து கரையைப் பார்த்தார். ஆணையர் சட்டை மையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிரைவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். சம்பூர்ணம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூக்குப்போசியைக் கொண்டுபோய் ஆணையர் கையில் திணித்தாள்.

"கொஞ்சம் புடிங், சாமி. கீழ வெச்சுப்போடாதீங்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கரையோரத்தில் நின்று கேட்டாள்: "ஏனுங், அங்க நெம்ப ஆழமா?"

"இடுப்பளவுதான். பாத்து வா புள்ள."

அவள் இறங்கினாள்.

"நூற்றுத் தொண்ணூற்றெட்டு" என்றது பெட்டி.